பதினாலாவது வரி

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. மத்தியானம் மீன்கொழம்பை ஒரு பிடி பிடிச்சிட்டு, ஃபேனுக்கு நேர் கீழ பாயை விரிச்ச நேரம் பாத்து போன் அடிச்சுது. பேரைப் பாத்தா, கோட்டை! கோட்டைன்னா செங்கோட்டைக்காரன். காலேஜ்ல வச்ச பேரு, அப்படியே ஒட்டிக்கிச்சு. கடைசியா நேர்ல பாத்தது 2010-ல, அவன் கல்யாணத்துல. அதுக்கப்புறம் பொங்கலுக்கு ஒரு வாழ்த்து, தீபாவளிக்கு ஒரு வாழ்த்து. அவ்வளவுதான்.

"ஏலே, தூங்கிட்டியா? ஒரு ஒத்தாசை வேணும். என் மருமவ ஏதோ சாக்கெட்டுங்கா, பைண்டுங்கா, எர்ரருங்கா. நமக்கு எல்லாம் மறந்து போச்சு. நீதான இன்னும் பொட்டி தட்டிக்கிட்டு இருக்க, என்னான்னு பாரு."

(மருமவன்னா அக்கா பொண்ணுங்க. எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணாம் வருஷம் படிக்குது.)

சாக்கெட், எர்ரர்ங்கற ரெண்டு வார்த்தையையும் கோட்டை வாயில இருந்து கேட்டதும் வந்த தூக்கம் ஓடியே போச்சு. அதுக்குக் காரணம் இருக்கு. 2004-க்குப் போகணும். கொசுவத்தியைப் பத்த வச்சுக்கறேன், கொஞ்சம் பொறுத்துக்கங்க.

ஃபைனல் இயர் பிராஜக்ட். டீம்ல நானும் கோட்டையும் மட்டும். தலைப்பு பெருசா 'டிஸ்ட்ரிபியூட்டட் மெசேஜிங் சிஸ்டம்'. உள்ள போய்ப் பாத்தா ஒரு சர்வர், நாலு கிளையண்ட். இங்க 'ஹாய்'னு அடிச்சா அங்க 'ஹாய்'னு வரும். அவ்வளவுதான் சரக்கு :-)

அதுவரைக்கும் எங்களுக்குத் தெரிஞ்ச சி எல்லாம் டர்போ சி-யோட நீலத் திரைக்குள்ளதான். டர்போ சி++ 3.0, டாஸ்ல ஓடுற சாமான். செமிகோலன் விட்டுட்டா திட்டும், அடைப்புக்குறி மூடலன்னா திட்டும், கிளியர் ஸ்கிரீன் போட்டு அவுட்புட் காட்டினா மார்க். நெட்வொர்க்குக்கும் அதுக்கும் ஸ்நானப் பிராப்தியே கிடையாது. லேப்ல ஒரு மூலையில ரெட் ஹேட் லினக்ஸ் 9 போட்ட நாலு மெஷின் இருந்துச்சு. யாரும் உக்கார மாட்டாங்க. நாங்க போய் உக்காந்தோம்.

சாக்கெட் புரோகிராம்னா லைப்ரரில இருந்து எல்லாரும் தூக்கிட்டு வர்றது ரிச்சர்ட் ஸ்டீவன்ஸோட 'யூனிக்ஸ் நெட்வொர்க் புரோகிராமிங்'தான். மனுஷன் 1999-ல, 48 வயசுலயே போய்ச் சேந்துட்டார். அவரளவுக்கு அதை வெளக்கினவங்க கம்மி. ஆனா அந்தப் புத்தகத்தைப் பாத்து அப்படியே டைப் அடிச்சா முதல் வரியிலயே அடி விழும். 'யுஎன்பி.ஹெச்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி'. ரெண்டு நாள் அந்த ஃபைலை சிஸ்டம் முழுக்கத் தேடினோம். அது சிஸ்டத்துல இருக்கற ஃபைலே இல்ல, புத்தகத்துக்காக அவரே எழுதினது. அவரோட சோர்ஸ் கோடை எடுத்து, பில்ட் பண்ணி, லைப்ரரி ஆக்கினாத்தான் உண்டு. சரி, அந்த ஹெட்டரை எடுத்துட்டு ஒரிஜினல் ஹெட்டர்களைப் போட்டோம். அடுத்தது, 'அண்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு சாக்கெட்'. என்னடான்னா, அவரு பெரிய எழுத்து எஸ் போட்டு சாக்கெட்னு எழுதியிருப்பாரு, பெரிய எழுத்து பி போட்டு பைண்டுன்னு எழுதியிருப்பாரு. அதெல்லாம் எர்ரர் செக்கிங் சேத்து அவரே செஞ்சு வச்ச உறைகள். சின்ன எழுத்துல இருக்கறதுதான் சிஸ்டத்தோடது. இதைக் கண்டுபிடிச்சது கோட்டை. அதை இங்க பதிஞ்சு வச்சுக்கறேன்.

ராத்திரி ஹாஸ்டல்ல இருந்த பொட்டி விண்டோஸ். ஏதோ கம்ப்யூட்டர் பத்திரிகையோட இலவச சிடில வந்த டெவ் சி++ போட்டிருந்தோம். லேப்ல ஓடினது அங்க ஓடாது. 'சிஸ்/சாக்கெட்.ஹெச்'னு ஒரு ஃபைலே கிடையாதுன்னு சொல்லிடும். அங்க வின்சாக்2-ன்னு வேற ஹெட்டர். அதைப் போட்டா ஹெட்டர் எர்ரர் போயிடும், லிங்கர் எர்ரர் வரும். 'அண்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு டபிள்யூஎஸ்ஏஸ்டார்ட்அப்@8'. அதுக்குக் கீழ சாக்கெட்@12.

எட்டு, பன்னெண்டு எல்லாம் எர்ரர் நம்பர்னு நெனச்சு நான் பிரவுசிங் சென்டர்ல காசு குடுத்துத் தேடின கதையும் உண்டு (சிரிக்காதீங்க). எர்ரர் நம்பராவது மண்ணாவது. அந்த ஃபங்ஷனுக்கு அனுப்பற விஷயங்கள் மொத்தம் எத்தனை பைட்டுன்னு 32 பிட் விண்டோஸ்ல பேருக்குப் பின்னால ஒட்டி வைப்பாங்க. ஸ்டார்ட்அப்புக்கு ரெண்டு ஆர்கியுமென்ட், ஆளுக்கு நாலு பைட், ஆக 8. சாக்கெட்டுக்கு மூணு, ஆக 12. விஷயம் அவ்வளவுதான். உண்மையான கோளாறு, டபிள்யூஎஸ்2_32-ங்கற லைப்ரரியை லிங்கர்கிட்ட நாங்க சொல்லவே இல்ல.

கம்பைலர் வேற, லிங்கர் வேறங்கறது எனக்கு அந்த வாரம்தான் உறைச்சுது. ஹெட்டர் ஃபைலுங்கறது கல்யாணப் பத்திரிகை மாதிரி. 'நாதஸ்வரம்: இன்னார்'னு போட்டிருக்கா, கம்பைலருக்குத் திருப்தி, அது வேலை முடிஞ்சுது. லிங்கர் மண்டபத்துக்கே வந்து, எங்கய்யா அந்த நாதஸ்வரக்காரர்னு ஆளைத் தேடும். ஆள் இல்லன்னா கல்யாணத்தை நிறுத்திடும். பத்திரிகையை எத்தனை தடவை திருப்பித் திருப்பிப் படிச்சாலும் ஆள் வந்துர மாட்டார். நாங்க ரெண்டு நாளா செஞ்சது அதைத்தான், இன்க்ளூட் வரிகளையே மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு இருந்தோம்.

எவனோ குடுத்த கோட்ல 'பிராக்மா காமென்ட் லிப்'னு ஒரு வரி இருந்துச்சு. அதைப் போட்டாப் போதும், லைப்ரரி தானா சேந்துக்கும்னான். மைக்ரோசாஃப்ட் கம்பைலருக்கு அது சரி. டெவ் சி++ உள்ள இருக்கறது ஜிசிசி. அது அந்த வரியைக் கண்டுக்காமலே போயிடும், தெரியலன்னு ஒரு வார்த்தை கூட சொல்லாது. கடைசில கமாண்ட் லைன்லயே லைப்ரரி பேரைக் குடுத்தோம், அப்பவும் அதே எர்ரர். ஏன்னா லைப்ரரியை முன்னாடியும் எங்க ஃபைலைப் பின்னாடியும் எழுதியிருந்தோம். லிங்கர் இடமிருந்து வலமாப் போகும். லைப்ரரியைத் தாண்டும்போது அதுவரைக்கும் என்ன பாக்கியோ அதை மட்டும் எடுத்துக்கும். அந்த நேரத்துல யாரும் எதுவும் கேக்கல, அதனால வெறுங்கையோட போயிடுச்சு. இடம் மாத்திப் போட்டதும் கம்முனு ஆயிடுச்சு. இதையும் கோட்டைதான் சும்மா மாத்திப் பாப்பமேன்னு செஞ்சான்.

இவ்வளவும் சொல்றது எதுக்குன்னா, அவனுக்கு வேலை தெரியாதுன்னு யாரும் நெனச்சுடக் கூடாது. ஏன்னா நான் ஒரு நாள் அப்படித்தான் சொன்னேன், எல்லார் முன்னாலயும்.

2004 மார்ச். மறுநாள் காலைல ரிவியூ. லேப் ராத்திரி எட்டு மணி வரைக்கும் தெறந்திருக்கும். சர்வர் ஃபைல் என்னுது, கிளையண்ட் ஃபைல் அவனுது. ரெண்டுக்கும் பொதுவா ஒரு ஹெட்டர், அதுவும் நான் எழுதினதுதான். மெசேஜுக்கான ஸ்ட்ரக்சர் அதுக்குள்ள இருக்கும். சாயங்காலம் அஞ்சு மணி வாக்குல, அனுப்பின நேரத்தையும் காட்டினா கெத்தா இருக்குமேன்னு அந்த ஸ்ட்ரக்சர்ல ஒரு வரி சேத்தேன். கோட்டை அவன் ஃபைல்ல கடைசில ஏதோ சின்ன திருத்தம் பண்ணினான். மேக்னு அடிச்சோம்.

எர்ரர். கிளையண்ட் ஃபைல், 14-ஆவது வரி. 'டூ ஆர் மோர் டேட்டா டைப்ஸ் இன் டிக்ளரேஷன்'.

"14-ஐ நான் தொடவே இல்லலே. நான் மாத்தினது கீழ"ன்னான். அந்த வரில ஒண்ணுமே இல்ல, மெசேஜ் அனுப்பற ஃபங்ஷன் தொடங்கற எடம். அதை அழிச்சு திரும்ப டைப் அடிச்சான். மறுபடி எர்ரர். மறுபடி அழிச்சான். மணி ஆறரை ஆச்சு. எனக்குப் பதட்டம். பக்கத்துல இன்னும் ரெண்டு டீம், லேப் அசிஸ்டென்ட் எல்லாரும் இருக்காங்க.

"என் ஃபைல் கம்பைல் ஆகுதுல்ல? உன்னுது மட்டும் ஏம்லே ஆக மாட்டேங்குது? ஒரு ஃபங்ஷன் ஒழுங்கா எழுதத் தெரியல, உன்னையெல்லாம் யாரு கோடைத் தொடச் சொன்னா? ரிப்போர்ட்டை டைப் அடி, போதும்."

இப்ப எழுதும்போதே கை கூசுது. அப்ப கூசல.

அவன் ஒண்ணும் பேசல. இருந்த எல்லா ஃபைலையும் ஒரு ஃபிளாப்பில காப்பி பண்ணினான். "ரூம்ல வச்சுப் பாக்கேன்"னு சொல்லிட்டுப் போயிட்டான்.

ஏழரை மணிக்கு நான் சர்வர் ஃபைல்ல ஒரு பிரிண்ட்எஃப் வரியில எழுத்துப்பிழை பாத்துத் திருத்தினேன். மேக் அடிச்சேன். இப்ப என் ஃபைல்லயும் அதே எர்ரர், வார்த்தை மாறாம. அப்பதான் வயித்துல ஏதோ பண்ணுச்சு. ஹெட்டரைத் தெறந்தேன். ஸ்ட்ரக்சர் முடியற எடத்துல அடைப்புக்குறி இருக்கு, அதுக்குப் பின்னால செமிகோலன் இல்ல. அஞ்சு மணிக்கு வரி சேக்கும்போது நான்தான் அழிச்சிருக்கேன்.

நடந்தது இதுதான். இன்க்ளூட் பண்றதுன்னா அந்த ஃபைலை அங்கயே கொண்டு வந்து ஒட்டறது. ஸ்ட்ரக்சர் முடியாம தொங்குது, அடுத்து வர்றது கோட்டையோட ஃபங்ஷன். ஸ்ட்ரக்சரும் அதுக்குப் பின்னால வர்ற இன்ட்டும் சேந்து ஒரே டிக்ளரேஷனுக்கு ரெண்டு டைப்னு கம்பைலர் நெனச்சுக்குச்சு. அது தடுக்கி விழுந்த எடம் 14-ஆவது வரி, அதைச் சொல்லிச்சு. தடுக்கினது என் கல்லு. அப்ப என் ஃபைல் ஏன் ஒழுங்கா கம்பைல் ஆச்சு? ஆகவே இல்ல. மேக் தேதி நேரம் பாத்து, மாறின ஃபைலை மட்டும்தான் திரும்ப கம்பைல் பண்ணும். மேக்ஃபைல்ல ஹெட்டரை நான் டிபெண்டென்சியாப் போடல. ஹெட்டர் மாறினது அதுக்குத் தெரியாது. சர்வரோட பழைய ஆப்ஜெக்ட் ஃபைல் அப்படியே கெடந்துச்சு, அதைக் காட்டித்தான் நான் அவ்வளவு வாய் பேசியிருக்கேன். (ஜிசிசிக்கு எம்எம்டின்னு ஒரு ஆப்ஷன் குடுத்தா அந்த லிஸ்ட்டை அதுவே எழுதித் தந்துரும். அப்ப எனக்குத் தெரியாது.) சொல்லப்போனா, செமிகோலன் ஒழுங்கா இருந்திருந்தா இன்னும் கூத்து. பழைய ஸ்ட்ரக்சரோட சர்வரும் புது ஸ்ட்ரக்சரோட கிளையண்டும் எர்ரரே இல்லாம பில்ட் ஆகி, ரிவியூல மெசேஜ் எல்லாம் குப்பையா வந்திருக்கும்.

செமிகோலனைப் போட்டேன். எல்லாம் ஓடுச்சு. ரூமுக்குப் போனா கோட்டை பொட்டி முன்னால உக்காந்திருக்கான்.

"ஓடிட்டு"ன்னேன்.

"எதுல தப்பு?"

"அங்கங்க ரெண்டு மூணு எடத்துல. சரி பண்ணிட்டேன்."

"ம்."

அவ்வளவுதான். சொல்லியிருக்கலாம். ஒரு வரி. மறுநாள் சொல்லலாம்னு நெனச்சேன், மறுநாள் ரிவியூ. அதுக்கப்புறம் அதைச் சொல்றது நாளுக்கு நாள் கஷ்டமாத்தான் ஆச்சு. அன்னையில இருந்து அவன் கோட் பக்கமே வரல, ரிப்போர்ட்டை மட்டும் டைப் அடிச்சான். வைவால எக்ஸ்டர்னல் அவனைப் பாத்து கிளையண்ட் எப்படி கனெக்ட் ஆகுதுன்னு கேட்டாரு. தண்ணி பட்ட பாடு அவனுக்கு. "கோடிங் அவன் சார், நான் டாக்குமெண்டேஷன்"னான். நான் பதில் சொன்னேன். எனக்கு நல்ல மார்க்.

நான் மெட்ராஸுக்கு வந்து ஆணி புடுங்க ஆரம்பிச்சேன். அவன் செங்கோட்டைல அப்பாவோட மரக்கடையைப் பாத்துக்கிட்டான். அதுக்கு நான்தான் காரணம்னெல்லாம் சொல்ல வரல. கடை எப்படியும் அவனுக்குத்தான். ஆனா லேப்ல புதுசா சேர்ற பசங்க எர்ரரைக் காட்டி என் கோடுல தப்பில்ல சார்னு சொல்லும்போதெல்லாம் எனக்கு அவன் மூஞ்சி ஞாபகம் வந்துரும்.

சரி, ஞாயித்துக்கிழமைக்கு வரேன்.

பொண்ணு வீடியோ கால்ல வந்து ஸ்கிரீனைக் காட்டுச்சு. சி++ சர்வர். காலேஜ் லேப்ல லினக்ஸ்ல ஓடுது, வீட்டுல மேக்ல ஓட மாட்டேங்குது. 'இன்வேலிட் ஆபரண்ட்ஸ் டு பைனரி எக்ஸ்பிரஷன்'. பைண்டோட ரிட்டர்ன் வேல்யூ சைபருக்குக் கம்மியான்னு பாக்கற வரி. பாவம் அந்தக் கம்மிக் குறியை மாத்தி மாத்திப் பாத்திருக்கு. காரணம் அங்க இல்லம்மா, உச்சில இருக்குன்னேன். 'யூசிங் நேம்ஸ்பேஸ் எஸ்டிடி'.

2011-ல சி++ தரத்துல பைண்டுங்கற பேர்ல வேற ஒரு ஃபங்ஷன் சேத்துட்டாங்க. அது எந்த டைப் குடுத்தாலும் வாங்கிக்கற டெம்ப்ளேட். யூசிங் போட்டதால அதுவும் வீட்டுக்குள்ள வந்துருச்சு. சைஸ்ஆஃப் தர்ற டைப்பும் சாக்கெட் பைண்டு எதிர்பாக்கற டைப்பும் அச்சு அசலா ஒண்ணு இல்ல. இதுல எது நல்லாப் பொருந்துதுன்னு பாக்கற கம்பைலர் இந்தப் புது ஆளைக் கூப்புட்டுருது. அவன் திருப்பித் தர்றது நம்பரே இல்ல, அதைச் சைபரோட எப்படி ஒப்பிடறது? லினக்ஸ்ல ஏன் ஓடுச்சுன்னா, ஜிசிசியோட லைப்ரரி எழுதினவங்க இது நடக்கும்னு தெரிஞ்சே 'சாக்கெட் மாதிரி இருக்கா'ன்னு ஒரு சோதனை வச்சிருக்காங்க. முதல் ஆர்கியுமென்ட் முழு எண்ணா இருந்தா புது பைண்டு ஒதுங்கிக்கும். மேக்ல இருக்கற லைப்ரரி வேற. பைண்டுக்கு முன்னால ரெண்டு கோலன் போடச் சொன்னேன். போட்டுச்சு. ஓடுச்சு. நீ ரிட்டர்ன் வேல்யூவைச் செக் பண்ணினதாலதான் எர்ரராவது வந்துச்சு, இல்லன்னா கம்பைல் ஆகி சர்வர் சம்பந்தமில்லாத ஒரு போர்ட்ல போய் உக்காந்திருக்கும், கிளையண்ட் வாசல்ல நின்னு தட்டிக்கிட்டே இருக்கும்னேன்.

அது கெட்டிக்காரப் பொண்ணு. "அப்ப எர்ரர் காட்டற வரியை நம்பவே கூடாதா அங்கிள்?"னு கேட்டுச்சு.

நான் கொஞ்சம் யோசிச்சேன். "உன்கிட்ட ஒரு ஹெட்டர் இருக்குல்ல, அதுல ஸ்ட்ரக்சர் முடியற எடத்துல செமிகோலனை எடு. கம்பைல் பண்ணு"ன்னேன்.

பண்ணுச்சு. இந்தக் காலத்து கிளாங் கம்பைலர், ஹெட்டர் ஃபைல் பேரையே போட்டு, அந்த அடைப்புக்குறிக்குப் பக்கத்துலயே அம்புக்குறி வச்சு, ஸ்ட்ரக்டுக்குப் பின்னால செமிகோலன் எங்கன்னு கேட்டுச்சு. 14-ஆவது வரி பத்தி மூச்சு விடல.

பின்னால நின்னு எட்டிப் பாத்துக்கிட்டிருந்த கோட்டை சிரிச்சான். "அட, அன்னைக்கே இப்படிச் சொல்லியிருந்தா நமக்குள்ள சோலி முடிஞ்சிருக்குமேலே."

எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. "உனக்குத் தெரியுமாலே?"

"ரிப்போர்ட்ல சோர்ஸ் கோடு பூரா ஒட்டுனது யாரு? நாந்தான. என் ஃபிளாப்பில இருந்த கிளையண்டும் நீ சரி பண்ணுன கிளையண்டும் ஒரு எழுத்து மாறல. ஹெட்டர் மட்டும் ஒரு பைட் கூட இருந்துச்சு. ஒரு பைட்டு என்னவா இருக்கும்னு கண்டுபிடிக்க எம்புட்டு நேரம் ஆகும்?"

"கேட்டிருக்கலாம்லா?"

"நீ சொல்லுவன்னு இருந்தேன்."

மன்னிச்சுருலேன்னு சொன்னேன். பொண்ணு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துச்சு. கோட்டை, "சரி சரி, கடைக்குத் தேக்கு லோடு வந்திருக்கு, எறக்கணும். பெறவு பேசுதேன்"னு எழுந்தான். வைக்கப் போற நேரத்துல திரும்பி, "அந்த ஃபிளாப்பி இன்னும் பீரோல கெடக்குலே. போட்டுப் பாக்கத்தான் டிரைவ் இல்ல"ன்னான்.

அடுத்த மாசம் குத்தால சீசனுக்கு அந்தப் பக்கம் போறேன். யுஎஸ்பில மாட்டற ஃபிளாப்பி டிரைவ் ஒண்ணு தேடிக்கிட்டு இருக்கேன். உங்கள்ல யாருகிட்டயாவது சும்மா கெடந்தா சொல்லுங்க மக்கா, ஒரு வாரத்துல பத்திரமாத் திருப்பித் தந்துடறேன்.